திரும்பி வராதவர்களின் செருப்புகள்

பத்தாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கப் போகிறவர்களுக்கு முதல் பாடமாக வந்து நிற்பது முதல் உலகப்போர். ஜூன் மாதத்தில் உங்கள் முகம் பிள்ளைகளுக்குப் பழகியிருக்காது, அவர்கள் பெயர் உங்களுக்குப் பழகியிருக்காது. அதற்குள் ஐரோப்பா முழுவதையும் கரும்பலகைக்குக் கொண்டுவந்து, ஏன் அடித்துக்கொண்டார்கள், எவ்வளவு பேர் செத்தார்கள் என்பதையெல்லாம் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட வேண்டும். போன வாரம் உங்களில் ஒருவர் என்னிடம் கேட்டார்: "மேடம், இந்தப் பாடத்த சீக்கிரமா முடிக்க ஏதாவது வழி இருக்குதா?"

வழி இருக்கிறது. எல்லோரும் அந்த வழியில்தான் போகிறோம். நானும் பல வருடம் போனேன். அதில் போகாத ஒரு வருடத்தைப் பற்றி இங்கே சொல்லிவிடுகிறேன். நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச காலம் முன்பு, கிரிவலப் பாதையை ஒட்டிய ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் நடந்தது.

அந்த வருடத்துப் பத்தாம் வகுப்பில் பிரவீன் என்று ஒருவன். ஆட்டோ ஓட்டுபவரின் மகன். செல்போனில் துப்பாக்கி விளையாட்டு ஆடி ஆடி, உலகத்தில் இருக்கிற பீரங்கி, டேங்க், போர் விமானம் எல்லாவற்றின் பெயரும் அவனுக்கு அத்துப்படி. உலகப்போர்ப் பாடத்தை நான் ஆரம்பித்ததும் முதல் பெஞ்சுக்கு இடம் மாறிக்கொண்டான். பதுங்குகுழியைப் பற்றி நான் ஒன்று சொன்னால் அவன் இரண்டு சொல்வான். வகுப்பே அவன் வாயைப் பார்க்கும். இவ்வளவு ஆர்வமான வகுப்பு எனக்கு அதுவரை அமைந்ததில்லை என்று மனதுக்குள் சந்தோஷப்பட்டுக்கொண்டேன்.

காலாண்டுத் தேர்வு முடிந்தது. பள்ளியில் கண்காட்சி வைப்பதென்று முடிவானது. மாவட்டக் கல்வி அலுவலர் வந்து திறந்து வைப்பார். என் வகுப்புக்கு மூன்று அறைகள் ஒதுக்கினார்கள். தலைப்பு உலகப்போர். "நீங்களே யோசிச்சி செய்யுங்க" என்று பிள்ளைகளிடம் விட்டுவிட்டேன்.

ஒரு வாரத்தில் செய்துவிட்டார்கள். தெர்மாகோலில் டேங்க், அட்டையில் விமானம், பி.வி.சி. குழாயில் பீரங்கி. பிரவீன் செய்த டேங்க் மேசை அளவு பெரிது. சக்கரம் சுற்றும், குழல் திரும்பும், உள்ளே ஒரு பல்பு மின்னும், கூடவே செல்போனிலிருந்து "டமார்" என்று சத்தம் வரும். மற்ற வகுப்புப் பிள்ளைகள் ஜன்னலில் தொற்றிக்கொண்டு பார்த்தார்கள். ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன், "அண்ணா, இன்னொரு வாட்டி சுடு, இன்னொரு வாட்டி சுடு" என்று கெஞ்சிக்கொண்டிருந்தான்.

அதைக் கேட்டபோதுதான் எனக்குச் சுருக்கென்றது. அறையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். எல்லாம் அழகாக இருந்தது. பார்க்க வருகிறவர்கள் கை தட்டுவார்கள். வீட்டுக்குப் போகும்போது போர் நல்ல விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு போவார்கள்.

"பிரவீன், இதுல ஆளுங்க எங்கப்பா?" என்று கேட்டேன்.

"டேங்க்குக்குள்ள இருக்காங்க மிஸ்."

"அது சுடுதே, அதுக்கு எதிர்ல?"

அவன் எதிரே பார்த்தான். வெள்ளையடித்த சுவர். பல்பை அணைத்தான்.

அந்த இடத்தில் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று எனக்குத் தெரியாது. பிள்ளைகள் ஆசை ஆசையாகச் செய்ததைத் தப்பு என்று சொன்னால் அவர்கள் கை அதோடு நின்றுவிடும். சொல்லாவிட்டால் நான் வரலாற்று ஆசிரியையாக இருந்து பயனில்லை. நான் கேள்வியை அவர்களிடமே போட்டேன். "டேங்க் இருக்கட்டும். செத்துப்போனவங்கள எப்படிக் காட்டுவீங்க? நாளைக்கு சொல்லுங்க."

மறுநாள் ஆளுக்கொன்று சொன்னார்கள். பொம்மை வைக்கலாம் என்றார்கள். சிவப்புப் பெயிண்ட் ஊற்றலாம் என்றார்கள். இணையத்திலிருந்து பிணங்களின் படம் எடுத்து ஒட்டலாம் என்று ஒருவன் சொன்னதும், பெண் பிள்ளைகள் "ஐயே, நாங்க அந்த ரூமுக்கே வரமாட்டோம்" என்று கத்தினார்கள். அப்போது கடைசிக்கு முந்தின பெஞ்சிலிருந்து கௌசல்யா எழுந்தாள். அவள் அம்மா கிரிவலப் பாதையைக் கூட்டும் தூய்மைப் பணியாளர். கேட்டால் ஒழிய வாய் திறக்காத பெண்.

"மிஸ், செருப்பு வெக்கலாமா?"

வகுப்பு சிரித்தது. அவள் உட்கார்ந்துவிடப் பார்த்தாள். "நில்லும்மா. ஏன் செருப்பு?" என்றேன்.

"பௌர்ணமிக்கு மறுநாள் காலைல லீவா இருந்தா எங்கம்மாகூட நானும் போவேன் மிஸ். ரோட்டோரமெல்லாம் செருப்பாவே கெடக்கும். விட்டுட்டுப் போயிருப்பாங்க, தேடிக் கெடச்சிருக்காது. குழந்தைங்க செருப்பு, பொம்பளைங்க செருப்பு, ஷூவு, எல்லாம் இருக்கும். இத போட்டுனு வந்தவங்க எங்க போயிருப்பாங்கனு எனக்குத் தோணும். அவங்க பஸ் ஏறி ஊருக்குப் போயிருப்பாங்க. போருக்குப் போனவங்க அப்படிப் போகலியே மிஸ். செருப்பு மட்டும்தானே இருந்திருக்கும்."

யாரும் சிரிக்கவில்லை. முதலில் பேசியவன் பிரவீன்தான். "எத்தினி ஜோடி கெடைக்கும் கௌசல்யா?"

"எத்தினி வேணும்னு சொல்லு. மலை மாதிரி குவிச்சி வெச்சிருக்காங்க."

புரட்டாசிப் பௌர்ணமி முடிந்து நாலைந்து நாள்தான் ஆகியிருந்தது. கௌசல்யாவின் அம்மா தங்கள் துப்புரவு மேஸ்திரியிடம் சொல்லி, அள்ளிப் போவதற்கு முன் ஒரு குவியலை எங்களுக்காக ஒதுக்கி வைத்தார். பிள்ளைகள் சாக்கில் அள்ளி வந்தார்கள். பள்ளிக் குழாயடியில் ப்ளீச்சிங் பவுடர் கரைத்து, கைக்கு உறை மாட்டிக் கழுவி, மதில்மேல் வரிசையாகக் காய வைத்தோம். நானும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

இரண்டாம் நாள் பிரவீனின் அப்பா வந்தார். காக்கிச் சட்டையோடு நேராகக் குழாயடிக்கு வந்தவர், மகன் கையிலிருந்த செருப்பைப் பார்த்ததும் கொதித்துவிட்டார்.

"இன்னா மிஸ் இது? யாரோ போட்டு எறிஞ்ச செருப்ப கழுவவா நான் புள்ளைய ஸ்கூலுக்கு அனுப்பறேன்? இதெல்லாம் செய்யறதுக்குன்னு ஆளுங்க இருக்காங்க இல்ல?"

கௌசல்யா பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள். தலை குனிந்து, கையிலிருந்த செருப்பை வாளிக்குள் போட்டுவிட்டாள். எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. நான் ஒரு வார்த்தை சூடாகச் சொல்லியிருந்தால் அது எனக்கும் அவருக்குமான சண்டையாகியிருக்கும். நடுவில் அந்தப் பெண் நசுங்கியிருப்பாள். பேசாமல் இருந்தாலும் அவள்தான் நசுங்குவாள். சட்டென்று ஒன்று தோன்றியது.

"இது கௌசல்யாவோட யோசனைங்க. எதுக்குன்னு அவளே சொல்லுவா, ஒரு நிமிஷம் கேளுங்க" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன். ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு அவள் ஆரம்பித்தாள். முதலில் குரல் எழும்பவில்லை. பிறகு எழும்பியது. "அங்கிள், நம்ம வட ஆற்காட்டுப் பக்கத்துல இருந்தும் அந்தப் போருக்கு ஆளுங்க கப்பல்ல போனாங்க. யாருக்கும் யாருக்குமோ சண்டை. நம்ம ஆளுங்களுக்கு அந்த ஊரு பேரு கூடத் தெரியாது. குளிர்ல, சேத்துல நின்னு செத்தாங்க. அவங்க வீட்டு வாசல்ல ஒரு செருப்பு இருந்திருக்கும் இல்ல அங்கிள்? அத அவங்க வீட்டுக்காரங்க இன்னா பண்ணியிருப்பாங்க? தூக்கிப் போடவும் மனசு வராது, வெச்சிக்கவும் முடியாது. அதத்தான் காட்டப் போறோம்."

அவர் மதில்மேல் காய்ந்துகொண்டிருந்த வரிசையைப் பார்த்தார். அதில் ஒரு குழந்தைச் செருப்பு, நடந்தால் பீப்பீ என்று சத்தம் வருமே, அந்த மாதிரி. அதை எடுத்து விரலால் அழுத்தினார். தண்ணீர் புகுந்திருந்ததால் சத்தம் வரவில்லை. திரும்ப அதே இடத்தில் வைத்தார்.

"இன்னும் எத்தினி மூட்டை அங்க கெடக்குது?" என்று கௌசல்யாவிடமே கேட்டார். "சாக்குல தூக்கினு எத்தினி நட நடப்பீங்க? வா, ஆட்டோல ஏத்தினு வந்துடலாம்."

அன்றைக்குச் சாயந்திரம் மூன்று நடை அடித்தார். டீசலுக்குக் காசு கொடுக்கப் போனேன். "ஜாஸ்தி பேசிட்டேன் மிஸ், அதுக்கு இது கழிஞ்சிடுச்சி" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

பிரவீனுக்கு அதன் பிறகு டேங்க் மேல் அவ்வளவு பிடிப்பு இல்லை. "மிஸ், இவ்ளோ பேரு போனாங்களே, ஏன் போனாங்கனு காட்டணும் இல்ல? புத்தகத்துல காரணம் காரணமா போட்டிருக்குது, படிச்சா ஒன்னும் புரியல" என்றான். இரண்டு நாள் யோசித்து நடு அறைக்கு ஒரு வேலை செய்தான். சக்கரம் வைத்த ஆறு நாற்காலிகள். ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு நாட்டின் பெயர். ஒன்றுக்கொன்று கயிறு. இந்த நாட்டை அடித்தால் நான் வருவேன், அந்த நாட்டை அடித்தால் நீ வா என்று அவர்கள் செய்துகொண்ட ஒப்பந்தங்கள்தான் அந்தக் கயிறுகள். ஒரே ஒரு நாற்காலியை இழுத்தால் போதும், ஆறும் ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்து வந்து மோதும். வருடக்கணக்கில் நான் கரும்பலகையில் அம்புக்குறி போட்டு விளக்கியதை அந்தப் பையன் கயிற்றில் காட்டிவிட்டான்.

கண்காட்சி அன்று காலை. முதல் அறையில் ஆயுதங்கள். நடு அறையில் நாற்காலிகள். கடைசி அறையில் மேசை, பெஞ்சு ஒன்றும் இல்லை. தரை முழுக்கச் செருப்புகள், காலை வழிபாட்டில் பிள்ளைகள் நிற்பது போல வரிசை வரிசையாக. நடுவில் ஓர் ஆள் நடக்கிற அளவுக்கு வழி.

எங்கள் தலைமையாசிரியர் நல்ல மனிதர். பிள்ளைகள் மேல் கை வைத்ததில்லை, ஆசிரியர்களை வருத்தியதில்லை. ஆனால் மேலதிகாரி வருகிறார் என்றால் அவருக்கு வியர்த்துவிடும். முதல் இரண்டு அறைகளைப் பார்த்துவிட்டு மலர்ந்த முகத்தோடு கடைசி அறைக்கு வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்னங்க டீச்சர் இது? செருப்பு வெக்கறோம்னு சொன்னீங்க. ஒரு அஞ்சாறு ஜோடி இருக்கும்னு பாத்தா..."

"இதுதான் சார் கண்காட்சியே."

"வர்ற அதிகாரிக்கு செருப்பக் காட்டறதா? யாராவது போட்டோ எடுத்துப் போட்டா என்ன பேசுவாங்க? உங்களுக்கும் சேர்த்து நான்தானே பதில் சொல்லணும்? எடுத்துடுங்க. மேடம் வேங்கிக்கால் தாண்டிட்டாங்கனு போன் வந்துடுச்சி, இதோ வந்துடுவாங்க."

பிள்ளைகள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கௌசல்யா பார்க்கவில்லை. அவள் குனிந்து ஒரு வரிசையை எடுக்கவே ஆரம்பித்துவிட்டாள். அந்தப் பெண்ணுக்குச் சொன்னதைக் கேட்டுத்தான் பழக்கம்.

அவரோடு வாதாட நேரம் இல்லை. அவர் பயமும் பொய்யில்லை. செருப்பைக் காட்டினால் நம் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். ஆனால் கௌசல்யா கையிலிருந்த செருப்பு சாக்குக்குள் போய்விட்டால், அந்தப் பெண் இனி எந்த வகுப்பிலும் எழுந்து ஒரு யோசனை சொல்லப் போவதில்லை என்பதும் எனக்குத் தெரிந்தது.

"கௌசல்யா, அப்படியே வை" என்றேன். பிறகு அவரிடம், "சார், எடுக்க வேணாம். கதவ சாத்திடலாம். மேடம் ரெண்டு ரூம பாத்துட்டுக் கிளம்பினா கிளம்பட்டும். அவங்களா கேட்டா மட்டும் திறக்கலாம். ஏதாவது ஆச்சுன்னா சாருக்குத் தெரியாம நான் வெச்சதுன்னு நானே சொல்லிடறேன்" என்றேன்.

அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "சாத்துங்க" என்றார். சாத்தினோம். அந்தக் கதவுக்கு முன்னால் அவரே போய் நின்றுகொண்டார்.

கல்வி அலுவலர் ஐம்பது வயது மதிக்கத்தக்க அம்மையார். முதல் அறையில் டேங்க்கைப் பார்த்து "நல்லா செஞ்சிருக்கீங்க" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். தினம் ஒரு பள்ளியில் அதைச் சொல்லிச் சொல்லிப் பழகிய குரல். நடு அறையில் பிரவீன், "மேடம், நீங்க ஒரு நாடு. உக்காருங்க" என்றான். தலைமையாசிரியர் கண்ணை மூடிக்கொண்டார். அம்மையார் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். கூட வந்திருந்த அலுவலர்களும் உட்கார்ந்தார்கள்.

"இந்த நாட்டோட இளவரசர ஒருத்தன் சுட்டுட்டான் மேடம்" என்று சொல்லிப் பிரவீன் ஒரு நாற்காலியை இழுத்தான். கயிறு விறைத்தது. ஒருவர் நகர, அவரால் இன்னொருவர் நகர, ஆறு பேரும் உருண்டு வந்து முட்டி மோதிக்கொண்டார்கள். எல்லோரும் சிரித்தார்கள். அம்மையாருக்குக் கண்ணில் நீர் வருகிற அளவுக்குச் சிரிப்பு.

"நான் யாரையும் சுடலியே, என்னை ஏன்பா இழுத்த?" என்று கேட்டார்.

"அதான் மேடம் காரணம்" என்றான் பிரவீன்.

அவர் சிரிப்பு நின்றது. நாற்காலியிலிருந்து எழுந்தார். "சரி, மோதிக்கிட்டாங்க. அதுக்கப்புறம் என்ன ஆச்சு?"

பிரவீன் என்னைப் பார்த்தான். பிறகு தலைமையாசிரியரைப் பார்த்தான். "அதுக்கப்புறம் ஆனது அந்த ரூம்ல இருக்குது மேடம்."

அம்மையார் கதவைப் பார்த்தார். கதவுக்கு முன்னால் நின்ற மனிதரைப் பார்த்தார். அந்தச் சில நொடிகளில் தலைமையாசிரியர் என்ன நினைத்தார் என்று பிற்பாடும் நான் கேட்டதில்லை. பூட்டியிருக்கிறது, சாவி இல்லை என்று அவர் சொல்லியிருக்கலாம். எங்கள் தலைமையாசிரியர் திரும்பி, தன் கையாலேயே கதவைத் திறந்தார்.

முதலில் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. கௌசல்யா உள்ளே போய் நின்று ஒரே வரி சொன்னாள். "இவங்கெல்லாம் திரும்பி வரல மேடம்."

அம்மையார் வாசலில் அப்படியே நின்றார். பிறகு யாரும் சொல்லாமலே தன் செருப்பைக் கழற்றினார். பின்னால் வந்தவர்கள் எல்லோரும் கழற்றினார்கள். வெறுங்காலோடு அந்த நடுவழியில் மெதுவாக நடந்தார். குழந்தைச் செருப்பின் பக்கத்தில் நின்றார். இன்னும் கொஞ்ச தூரம் போய், ஜோடி இல்லாமல் தனியாக இருந்த ஒரு செருப்பைக் காட்டி, "இதுக்கு ஜோடி கெடைக்கலியாம்மா?" என்றார்.

"கெடைக்கல மேடம். எடுத்துடலாம்னு சொன்னாங்க. நான்தான் வேணாம்னேன். போர்ல ஒத்தக் கால் போய் வீட்டுக்கு வந்தவங்களும் இருந்திருப்பாங்க இல்ல?"

அம்மையார் கௌசல்யாவின் தோளில் கை வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றார். வெளியே வந்ததும் தலைமையாசிரியரிடம் கேட்டது ஒன்றுதான். "இத ஒரே நாள்ல எடுத்துடுவீங்களா சார்?"

அவர் மிரண்டு போய், "மேடம் சொன்னா இப்பவே..." என்று ஆரம்பித்தார்.

"எடுக்காதீங்க. எல்லா ஸ்கூல் பசங்களும் வந்து பாக்கட்டும்."

பிள்ளைகள் போட்ட கூச்சலில் மதில்மேல் இருந்த குரங்குகள் ஓடின. தலைமையாசிரியர் சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து மறுபடி நெற்றியைத் துடைத்தார். இந்த முறை சிரித்துக்கொண்டு.

அடுத்த பௌர்ணமி வரைக்கும் அந்த அறை திறந்திருந்தது. சுற்றுவட்டாரப் பள்ளிகளிலிருந்து பிள்ளைகள் வேனில் வந்தார்கள். ஐப்பசிப் பௌர்ணமி அன்று பிற்பகலிலிருந்தே பள்ளி வாசலைத் திறந்து வைத்தோம். கிரிவலம் போகிறவர்கள் எட்டிப் பார்த்தார்கள், ஒருவரைப் பார்த்து ஒருவர் உள்ளே வந்தார்கள். பொழுது சாய்வதற்குள் வரிசை தெருவுக்கு வந்துவிட்டது. ரமணாசிரமம் பக்கத்து விடுதியில் தங்கியிருந்த ஜெர்மன்காரர் ஒருவர் நெடுநேரம் அந்த அறையில் நின்றார். வெளியே வந்து பிரவீனிடம் ஆங்கிலத்தில் கேட்டார்: "இதில் எந்த வரிசை எந்த நாடு?"

பிரவீன் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தைக் கூட்டிச் சேர்த்துப் பதில் சொன்னான். "நாங்க பிரிச்சி வெக்கல சார்." அந்த மனிதர் குனிந்து அவன் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு, வேலைக்குப் போகும் வழியில் கௌசல்யாவின் அம்மா வந்தார். பச்சை நிற மேலங்கி, கையில் துடைப்பம். வரிசையின் கடைசியில் போய் நின்றார். தலைமையாசிரியர் பார்த்துவிட்டார். தானே போய், "இது உங்க ரூம்மா. வாங்க" என்று முன்னால் அழைத்து வந்தார். துடைப்பத்தை வாங்கிச் சுவரோரம் சாய்த்து வைத்தவரும் அவர்தான்.

அந்த அம்மா உள்ளே வந்து வரிசைகளைப் பார்த்தார். "கழுவினா இத்தினி நல்லாவா இருக்குது!" என்றார். பிறகு மகளிடம், "ஆமா, எதுக்குத்தான் அவங்க அடிச்சிகிட்டாங்க?" என்று கேட்டார்.

கௌசல்யா சொல்ல ஆரம்பித்தாள். யாருக்கு யார் மேல் பொறாமை, யார் யாரோடு சேர்ந்துகொண்டார்கள், எவனோ சுட்ட ஒரு குண்டுக்கு எப்படி ஊர் ஊராகக் கிளம்பினார்கள், நம்மைக் கேட்காமலே நம் ஆட்களை எப்படிக் கப்பலேற்றினார்கள், கடைசியில் யார் வீட்டில் அடுப்பு எரியாமல் போனது என்று. பயமில்லாமல், தடுமாறாமல், அம்மாவுக்குச் சொல்கிற குரலில். வரிசையில் வந்தவர்கள் நகராமல் நின்று கேட்டார்கள். வாசல் வரைக்கும் கூட்டம் சேர்ந்துவிட்டது. தள்ளுங்கள் என்று யாரும் சொல்லவில்லை.

நான் பின்வரிசையில், கூட்டத்துக்கு நடுவே, வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தேன். எத்தனையோ வருடம் நான் நடத்திய பாடத்தை ஒரு மாணவியைப் போல நின்று கடைசி வரைக்கும் கேட்டேன்.